ரயில் திட்ட அறிவிப்பு வந்தால் நான் பார்க்கும் இடங்கள்

25 வருடம் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்தேன். பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு, ஓடும் வண்டிகளைச் சார்ட்டில் கோடுகளாக இழுத்து, எதை நிறுத்துவது, எதை விடுவது என்று சொல்லும் வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, ரயில் விரிவாக்கத்துக்கு அரசு இத்தனை கோடி என்று செய்தி வந்தால் கோடியில் என் கண் நிற்பதில்லை.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். 'ஆய்வுக்கு அனுமதி' என்றால் அளக்கப் போகிறார்கள், அவ்வளவுதான். 'கொள்கை அளவில் ஒப்புதல்' என்றால் பணம் இன்னும் வரவில்லை. சட்டமே வந்தாலும் உறுதி கிடையாது. பிரிட்டனில் ஹெச்எஸ்2 அதிவேகப் பாதையைக் குரூ நகரம் வரை நீட்ட 2021-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2023 அக்டோபரில் பிரதமர் ரிஷி சுனக் அந்தப் பகுதியைக் கைவிட்டார்.

அப்புறம் ஒரு வகுத்தல் கணக்கு. மொத்த மதிப்பீட்டை விடுங்கள்; மிச்சமிருக்கும் வேலையின் செலவை இந்த ஆண்டு ஒதுக்கிய தொகையால் வகுங்கள். 3,000 கோடி மிச்சம், இந்த ஆண்டு 150 கோடி என்றால், இதே வேகத்தில் 20 வருடம். இந்திய ரயில்வேயின் பிங்க் புக்கில் (எந்தத் திட்டத்துக்கு அந்த ஆண்டு எவ்வளவு என்று சொல்லும் பட்ஜெட் புத்தகம்) சில திட்டங்களுக்கு எதிரே வெறும் 1,000 ரூபாய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டியலில் பெயர் இருக்கட்டும் என்று வைக்கிற தொகை அது. அந்த ஆண்டு அங்கே மண்வெட்டி விழாது.

பணம் நிஜம்தான் என்று தெரிந்த பிறகு, அது எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு தடத்தில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதை அதன் மிக நெருக்கடியான துண்டுதான் முடிவு செய்யும். ஒற்றைப்பாதைக்கு நாங்கள் ஸ்காட் சூத்திரம் போடுவோம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். அதை, அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டி ஓடும் நேரத்தோடு லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்ப அடுத்த ஸ்டேஷனின் அனுமதி, வாங்கும் நேரத்தையும் கூட்டி வகுக்க வேண்டும். பராமரிப்பு, தாமதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.7-ஆல் பெருக்க வேண்டும். ஓட்டம் 15 நிமிடம், லைன் கிளியருக்கு 5 நிமிடம் என்றால் இரு திசைக்கும் சேர்த்து 50 வண்டி. சரியாக நடுவில், எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க ஒரு கிராசிங் ஸ்டேஷன் போட்டால் ஓட்டம் ஏழரை நிமிடமாகும். கணக்கு 80 வண்டி என்று சொல்லும். ஒரு லூப் லைன் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தடம்) செய்கிற வேலை இது. ஆனால் அடுத்த துண்டில் 15 நிமிடம் அப்படியே இருந்தால் மறுபடி 50தான்.

எங்கள் செக்‌ஷனில் ஒருமுறை இரு பக்கமும் இரட்டைப்பாதை போட்டுவிட்டு, நடுவில் ஆற்றுப்பாலத்தை மட்டும் ஒற்றையாக விட்டுவிட்டார்கள். திறப்பு விழா அமோகமாக நடந்தது. என் சார்ட்டில் ஒரு வண்டியைக்கூடக் கூட்ட முடியவில்லை.

செலவில் 'மிச்சம்' பிடிக்கிற இடத்தையும் கவனியுங்கள். ஸ்காட்லாந்தில் 1969-ல் மூடிய பாதையின் ஒரு பகுதியை 2015-ல் பார்டர்ஸ் ரயில்வேயாகத் திறந்தார்கள். கூட்டம் வந்தது. ஆனால் பெரும்பகுதி ஒற்றைப்பாதை, மூன்று இடங்களில் மட்டும் இரட்டை; புதிய பாலங்கள் சிலவும் ஒற்றைப்பாதை அகலம்தான். அரை மணிக்கு ஒரு வண்டி என்பதைத் தாண்டுவது லேசில்லை.

கடைசி ஸ்டேஷனில் பிளாட்பாரம் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். வழியெல்லாம் நான்கு தடம் போட்டு, வண்டியை வெளி சிக்னலில் அரை மணி நிறுத்தி என்ன பயன்?

சிற்றூர்களை இணைக்கிறோம் என்று அறிவித்தால் அட்டவணையைக் கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் அட்டவணையை முதலில் யோசித்து, அதற்குத் தேவையான பாதையைப் பிறகு கட்டினார்கள். சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணிக்குள் முடிந்தால்தான் இரு பக்கமும் இணைப்பு வண்டி கிடைக்கும்; அதற்காக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் புதுத்தடம். 2004 டிசம்பர் அட்டவணையில் அது 56 நிமிடமானது. அதற்கு மேல் வேகத்துக்கு அவர்கள் செலவழிக்கவில்லை, கெட்டிக்காரர்கள்.

உங்கள் தடத்துக்கு மனு எழுதுவதாக இருந்தால், 'கூடுதல் ரயில் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அட்டவணையை எடுத்து, அடுத்தடுத்த எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே வண்டிக்கு அதிக நிமிடம் பிடிக்கிறது என்று குறித்து, அங்கே லூப் கேளுங்கள். அந்த மனுவைத்தான் என் போன்றவர்கள் மேஜையில் வைத்துக்கொள்வோம்.