டிராக்குக்கு பைக்கைக் கொண்டுபோகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் எந்த மெக்கானிக் கடையில் நின்றாலும் பசங்க கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திக் கொடுங்க." சிலிண்டரை போர் பண்ணி (உள்ளே குடைந்து பெரிதாக்கி), சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டரைக் கழட்டி எறிந்துவிட்டு, பழைய பிரேக் ஆயிலோடும் தேய்ந்த டயரோடும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கையில் இருக்கிற காசையெல்லாம் என்ஜினில் கொட்டுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

120 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக்கை 150-க்குக் கொண்டுபோக, எதிர்க்காற்றைச் சமாளிக்க மட்டுமே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பவர் வேண்டும். சின்ன பைக்கில் போர் பண்ணினால் அவ்வளவு வந்துவிடாது. ஃபில்டரைக் கழட்டிவிட்டு பெட்ரோல் அளவை அதற்கேற்ப சரிசெய்யாமல் விட்டால், கலவையில் காற்று கூடி என்ஜின் கொதித்து பிஸ்டனே ஓட்டையாகலாம்.

இந்த பவர் மோகத்துக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய காரணமும் இருக்கும் என்று தோன்றுகிறது. ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில்தான் பல வருஷம் ரேஸ் நடந்தது, வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையெல்லாம் அந்த நீளமான நேர்பாதையில் யார் முந்தினார்கள் என்பதாகவே இருக்கும். 1990-ல் வந்த இருங்காட்டுக்கோட்டை டிராக் அப்படிப்பட்டதில்லை. சுமார் 3.7 கிலோமீட்டருக்குள் 12 திருப்பங்கள். நேர்பாதைக்கு முந்தைய திருப்பத்திலிருந்து எவ்வளவு வேகத்தோடு வெளியே வருகிறீர்களோ, அந்த லாபம் நேர்பாதை முடியும் வரை கூடவே வரும். புதிதாக வருபவர்கள் கடைசி நொடியில் பிரேக் போட்டு, வேகமாக உள்ளே பாய்ந்து, பைக்கை நிமிர்த்த முடியாமல் த்ராட்டிலை (ஆக்ஸிலேட்டரை) தாமதமாகத் திறக்கிறார்கள். நுழையும்போது அடக்கி, வெளியேறும்போது சீக்கிரம் திறப்பதுதான் லேப் நேரத்தை, அதாவது டிராக்கை ஒரு சுற்று முடிக்கும் நேரத்தை, குறைக்கும்.

பிரேக்கை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும், அது முழுக்க சூடாக மாறும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் அது ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். நம் கடலோர ஈரக்காற்றில் வருஷக்கணக்காக மாற்றாத ஆயில் என்ன நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், ஆவி அமுங்கும், லீவர் கைப்பிடி வரை போயும் பைக் நிற்காது. டிராக் நாளுக்கு முன் புது ஆயில் ஊற்றி, பிரேக் குழாயிலுள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிடுங்கள். என்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை.

அப்புறம் டயர். பங்கில் அடித்த காற்றோடு அப்படியே ஓட்டக் கூடாது. ஓட ஓட டயர் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். டயர் கம்பெனி டிராக்குக்குச் சொல்லும் அளவை வைத்துத் தொடங்கி, சூட்டோடு உள்ளே வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். அழகுக்காக குறுகலான ரிம்மில் அகல டயர் போடுவதும் வேண்டாம், டயரின் வளைவு மாறி பைக் திருப்பத்தில் சொன்னபடி கேட்காது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் 'பயிற்சி' எடுப்பதை நினைத்தால்தான் மனசு பதறுகிறது. டிராக்கில் விழுந்தவன் சறுக்கிச் சறுக்கி வேகத்தை இழக்க வேண்டும் என்பதற்காகத்தான் திருப்பத்துக்கு வெளியே அவ்வளவு இடம் விடுகிறார்கள், கொடி காட்ட மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் காத்திருக்கிறது. துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விழுந்தால் சறுக்க இடமே கிடையாது. ரோட்டில் சிந்திய மணலும் ஆயிலும் வேறு.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டையும் கவனியுங்கள். அதிலுள்ள கிளைக்கால் (glycol) என்ற ரசாயனம் டிராக்கில் சிந்தினால் சீக்கிரம் காயாது, பின்னால் வருபவரையும் சேர்த்து வழுக்கிவிடும். அதனால்தான் பல ரேஸ்களில் அதற்கு அனுமதி இல்லை, முதல் நாளே வடித்துவிட்டு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள், வீடு திரும்பியதும் மறக்காமல் கூலன்டை மாற்றி ஊற்றிவிடுங்கள்.