சூப்பர்சார்ஜர் போட்ட பழைய மஸ்டாங்குக்கு கோல்டு ஏர் இன்டேக்: கராஜிலேயே செய்வது எப்படி

என்னிடம் இருப்பது 1990 ஃபோர்டு மஸ்டாங் 5.0. பெயர்தான் 5.0, உள்ளே இருப்பது 4,942 சிசி, அதாவது 4.9 லிட்டர், அந்தச் சண்டை இப்போது வேண்டாம். கார் பிறந்தது மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில், நான் குடியிருப்பது அங்கிருந்து அரை மணி நேரத்தில். வோர்டெக் கம்பெனியின் சென்ட்ரிஃப்யூகல் சூப்பர்சார்ஜரை (இன்ஜின் பெல்ட்டில் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரஸர்) எனக்கு முன்னால் காரை வைத்திருந்தவரே மாட்டி, 8 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் அவ்வளவு அழுத்தம், வரும்படி வைத்திருந்தார். ஆனால் காற்று உள்ளே போகும் வாயில் 3 இஞ்ச் வளைவு ஒன்று, ஏர் மீட்டர் (உள்ளே போகும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது), அதன் முனையில் ஒரு கூம்பு ஃபில்டர், அவ்வளவுதான். எல்லாமே எக்ஸாஸ்ட் ஹெடருக்கு மேலே, பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றை உறிஞ்சிக்கொண்டு. அதற்குப் பதில் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றைக் குழாயில் கொண்டுவருவதுதான் கோல்டு ஏர் இன்டேக்.

சாதாரண இன்ஜினில் இதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. சூப்பர்சார்ஜர் விஷயம் வேறு, அதற்கு முன்னால் நடக்கிற ஒவ்வொரு தப்பையும் அது பெருக்கிக் கொடுக்கும். 8 பிஎஸ்ஐ என்றால் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 1.54 மடங்கு. கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 25 டிகிரியில் உள்ளே போகிற காற்று 80 டிகிரியை ஒட்டி வெளியே வரும். அதே காற்று பானெட்டுக்குள் 65 டிகிரியில் போனால் 128 டிகிரியில் வரும். அழுத்திய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் இல்லாத காரில் அந்தச் சூட்டோடேயே சிலிண்டருக்குள் போய் நாக் அடிக்கும் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது), பூஸ்டில் அடிக்கிற நாக் பிஸ்டனை உடைத்துவிடும். அழுத்தமும் அப்படித்தான்: ஃபில்டரிலும் குழாயிலும் அரை பிஎஸ்ஐ இழந்தால் அந்தப் பக்கம் முக்கால் பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும்.

குழாய் எவ்வளவு பெரிசு?

400 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 600 கன அடி காற்று வேண்டும் என்பது பழைய கணக்கு. அது 3 இஞ்ச் குழாயில் போனால் வேகம் வினாடிக்கு 62 மீட்டர், 4 இஞ்சில் 35 மீட்டர். வேகம் கூடக் கூட, ஒவ்வொரு வளைவிலும் இழப்பு அந்த வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே 4 இஞ்ச், அலுமினியம், மடிப்பு விழாமல் வளைத்தது. ஒரு 180 டிகிரி வளைவு, ஒரு 45, ஓர் அடி நேர்க்குழாய். இவற்றோடு ஒவ்வொரு இணைப்புக்கும் கம்பி வைத்த சிலிக்கோன் கப்ளர் (குழாய்களைச் சேர்க்கும் ரப்பர் மாதிரியான உறை), ஒரு கப்ளருக்கு இரண்டு கிளாம்ப், 4 இஞ்ச் வாயுள்ள கூம்பு ஃபில்டர் ஒன்று. சூப்பர்சார்ஜர் வாயும் மீட்டரும் வேறு அளவாக இருந்தால் அங்கே மட்டும் அளவு மாற்றும் கப்ளர் வாங்குங்கள்.

கம்பி வைத்தது என்று சும்மா சொல்லவில்லை. முதல் தடவை கடையில் கிடைத்த சாதா கப்ளரை மாட்டினேன். ஐடிலில் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. 5,000 ஆர்பிஎம் தாண்டியதும் பூஸ்ட் முள் 8-லிருந்து 5-க்கு வழுக்கிக்கொண்டு இறங்கும். பெல்ட் நழுவுகிறது என்று நினைத்து இரண்டு வார இறுதிகளைப் பெல்ட்டோடு வீணடித்தேன். கடைசியில் கழற்றிப் பார்த்தால் கப்ளரின் ஒரு பக்கம் உள்ளே மடிந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருப்பது தள்ளும் காற்று இல்லை, உறிஞ்சும் காற்று, மெத்தென்ற எதையும் உள்ளே இழுத்துவிடும்.

முதலில் பொய்க் குழாய்

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வலது முன் சக்கரத்தை எடுத்து, ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் இறக்குங்கள். ஒரிஜினல் ஃபில்டர் பெட்டி மூச்சு வாங்கிய ஓட்டை உள் ஃபெண்டரில் ஏற்கெனவே இருக்கிறது, நம் குழாயும் அதன் வழியாகத்தான் போகப் போகிறது, ஃபில்டர் சக்கரத்துக்கு முன்னால் ஃபெண்டருக்குள் உட்காரும். இங்கே ஒரு சிக்கல்: இந்தக் காரில் சூப்பர்சார்ஜரின் வாய் பின்னால் பார்த்திருக்கும். குழாய் அங்கிருந்து கிளம்பி, முழுசாகத் திரும்பி, முன்னால் வந்து ஃபெண்டருக்குள் இறங்க வேண்டும்.

அலுமினியத்தை வெட்டும் முன்பு துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடும் 4 இஞ்ச் மடிப்புக் குழாயை வாங்கி வந்து அந்த வழியில் வளைத்துப் பாருங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேல் பக்கம் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக ஒட்டி, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். உருண்டை 2 செ.மீ.க்குக் கீழே நசுங்கியிருந்தால் குழாயை இறக்க வேண்டும், ஏனென்றால் இன்ஜின் அதன் மவுன்ட்டில் ஆடும்.

வெட்டுவது, வெல்டிங்

வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றுங்கள், அதன் விளிம்பே கோடு. மெல்லிய பல் பிளேடு, அவசரமில்லாத கை. கொஞ்சம் நீளமாகவே வெட்டி, வைத்துப் பார்த்து, அப்புறம் அரத்தால் குறைக்கலாம். இரண்டு கிளைக்குழாய்களை மட்டும் நானே வைக்கவில்லை, வெல்டிங் கடையில் டிக் வெல்டிங் போட்டு வாங்கினேன். ஒன்று பைபாஸ் வால்விலிருந்து (த்ராட்டில் மூடியதும் மிச்ச பூஸ்டைத் திருப்பி விடுவது) திரும்பி வரும் காற்றுக்கு, இன்னொன்று வால்வ் கவர் பிரீதருக்கு, அதாவது இன்ஜின் மூச்சு விடும் வாய்க்கு. இரண்டுமே ஏர் மீட்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவில்தான் வர வேண்டும். மீட்டருக்கு முன்னால் போனால் ஒரே காற்றை மீட்டர் இரண்டு தடவை எண்ணும்.

வேலை முடிந்ததும் குழாயை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, உள்ளே வெள்ளைத் துணியை இழுத்து, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை விடாதீர்கள். சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் இம்பெல்லர் சக்கரம் நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் போகும். அரிசி மணி அளவு அலுமினியத் துகள் போதும் அதை முடித்துக்கட்ட.

ஏர் மீட்டர்

புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. மீட்டரின் சென்ஸரைத் தனியாகக் கழற்றி, அழகாக இருக்கிறதே என்று 4 இஞ்ச் குழாயில் ஓட்டை போட்டுப் பொருத்தாதீர்கள். குழாய் பெரிசானால் காற்றின் வேகம் குறையும், சென்ஸர் குறைவாகக் காட்டும், கம்ப்யூட்டர் குறைவாகப் பெட்ரோல் விடும், பூஸ்டில் லீன் (காற்றுக்குப் பெட்ரோல் போதாத கலவை). மீட்டரை அதன் கூட்டோடு அப்படியே, ஃபில்டர் பக்கத்து நேர்க்குழாயில் வையுங்கள், அதற்கு முன்னால் ஐந்தாறு இஞ்சாவது வளைவில்லாமல் இருக்கட்டும். எண்ணெய் போடும் ஃபில்டர் என்றால் கொஞ்சமாகப் போடுங்கள், வழிந்தால் சென்ஸர் கம்பியில் போய் ஒட்டும். நான் உலர் ஃபில்டர்தான். காற்றுச் சூட்டை அளக்கும் சென்ஸர் இந்தக் காரில் இன்டேக் மேனிஃபோல்டில் இருப்பதால் அதற்கு இங்கே வேலை இல்லை.

பொருத்தும்போது எல்லாக் கிளாம்ப்பையும் தளர்வாக மாட்டி, குழாயைச் சுற்றி இடம் பார்த்து, கடைசியில்தான் முறுக்குங்கள். ஃபெண்டர் ஓட்டையின் விளிம்புக்கு ரப்பர் பீடிங் போடுங்கள், இல்லாவிட்டால் தகடு குழாயை ராவிவிடும். பிளாஸ்டிக் தடுப்பைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம், மழையில் சக்கரம் அடிக்கிற தண்ணீரிலிருந்து ஃபில்டரைக் காப்பது அது ஒன்றுதான். தடுப்பு இருந்தாலும் தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை விடாதீர்கள்.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே சாலையில் ஓட்டும் காருக்கு மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு ஆணை எண் உள்ள இன்டேக் வேண்டும், கையால் செய்தது எமிஷன் சோதனையில் தேறாது. மிச்சிகனில் அந்தச் சோதனையே இல்லை.

சரியாக வந்ததா?

சூப்பர்சார்ஜர் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு நிப்பிள் வைத்து, மீன் தொட்டிக்குப் போடும் தெளிவான குழாயை யு வடிவில் பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதி ஊற்றுங்கள். ஒரு மீட்டர் உயரமாவது இருக்கட்டும், தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது. முழு த்ராட்டிலில் இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று பாருங்கள், 70 செ.மீ. என்றால் 1 பிஎஸ்ஐ இழப்பு. இதைச் சாலையில் செய்யாதீர்கள், டைனோவில்தான் (காரை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் மேடை).

என் காரில் பழைய அமைப்புக்கு 40 செ.மீ., புதியதற்கு 14. பூஸ்ட் 8-லிருந்து எட்டரை ஆனது. அந்த அரை பிஎஸ்ஐக்கும் பெட்ரோல் வேண்டுமே, அதனால் டைனோவில் முழு த்ராட்டில் கொடுப்பதற்கு முன்பே காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரை மாட்டி, பாதி பாதியாக ஏற்றிப் பார்த்தோம். பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 12-க்கு மேல் போனால் அங்கேயே காலை எடுத்துவிடுங்கள். என்னுடையது 12.4 காட்டியது. ட்யூனர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி 11.7-க்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தண்ணீர்க் குழாயையே மாட்டினோம்.