பளபளப்பு இல்லாத வீடு: சுண்ணாம்புச் சுவரும் லெதர் ஃபினிஷ் கிரானைட்டும்

பளபளப்புக்கு மவுசு குறைந்துவிட்டது. கண்ணாடி மாதிரி மின்னும் டைல்ஸ், அக்ரிலிக் கிச்சன் கதவு, கூரை முழுக்க நீல விளக்கு எல்லாம் இப்போது பழைய வீட்டின் அடையாளம். புது வீடு கட்டுகிறவர்கள் கேட்பது மண் நிறம், மங்கலான பூச்சு, தடவினால் கையில் படும் சொரசொரப்பு. இதற்கு வெளிநாட்டுப் பெயர் போட்ட டப்பா எதுவும் தேவையில்லை. சுண்ணாம்பு எங்கும் கிடைக்கும். கிரானைட்டோ கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் பக்கம் போனாலே பட்டறை பட்டறையாக அடுக்கியிருக்கிறது. ஆனால் இரண்டும் அவசரப்பட்டால் காலை வாரிவிடுகிற பொருள்.

முதலில் சுவர். ஹாலில் ஒரே ஒரு சுவர் போதும். சோஃபாவுக்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெய் வைத்த தலை சாய்கிற இடத்தில் ஆறே மாதத்தில் வரிசையாக வட்டக் கறை விழும், சுண்ணாம்பில் அதைக் கழுவி எடுக்க முடியாது. டிவி சுவர், பூஜை அறைப் பக்கச் சுவர், மாடிப்படிச் சுவரின் மேல்பாதி நல்ல தேர்வு.

சுண்ணாம்பு சுவரின் மேல் ஒட்டுவதில்லை. சுவருக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகுகிறது. அதனால் தண்ணீரை உறிஞ்சுகிற சுவர்தான் வேண்டும். சுவரில் கையால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உடனே கறுத்து உள்ளே போனால் சரி. முத்து முத்தாக உருண்டு வழிந்தால் அங்கே எமல்ஷன் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்புப் பூச்சுக்கென்றே விற்கிற மணல் கலந்த பிரைமரை அடிக்க வேண்டும். "அப்படியே மேல அடிச்சுக்கலாம் சார்" என்று பெயின்டர் சொன்னால் கேட்காதீர்கள், செதில் செதிலாக உரியும். பட்டி வைத்த சுவரென்றால் 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி தெளித்துப் பாருங்கள். புதுப் பூச்சுச் சுவருக்கு 28 நாள் விட்டுவிடுங்கள். அடிச்சுவரில் உப்புப் பூத்திருந்தால் முதலில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள், சுண்ணாம்பு அதற்கு மருந்தில்லை.

10 அடிக்கு 12 அடி சுவர் ஒன்றுக்கு, நான்கு கோட் பூச்சுக்கும் சேர்த்து நீற்றிய சுண்ணாம்பு விழுது சுமார் 3 கிலோ, தண்ணீர் 7 முதல் 8 லிட்டர். பால் பதம் வந்தால் போதும். கெட்டியாக அடித்தால் ஒரே கோட்டில் வேலை முடியும் என்று தோன்றும், காய்ந்ததும் வலை வலையாக வெடிக்கும். நிறத்துக்குச் செங்காவி அல்லது மஞ்சள் காவி, 150 கிராமுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பால் பிடித்துவைக்க முடியாது, சட்டையில் ஒட்டும். காவியை வெந்நீரில் இரவே ஊறப்போட்டு, துணியில் வடிகட்டிச் சேருங்கள். நான்கு கோட்டுக்கும் ஒரே நாளில் கலந்து மூடி வையுங்கள், இரண்டாம் முறை கலந்தால் நிறம் ஒத்துவராது. கலக்க போர் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பு பின்னால் வெள்ளையாகப் பூக்கும். குழாயில் வருகிற ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தால் பாதியாக வெளுத்துவிடும், எனவே ஒரு மூலையில் ஒரு சதுர அடி அடித்து மறுநாள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடிக்கும் முன் சுவரை நனைத்துக்கொள்ளுங்கள். அகலமான நார் பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக, பெருக்கல் குறி போடுவது போல இழுக்க வேண்டும், ரோலர் ஆகாது. இடையில் நிறுத்தினால் நிறுத்திய கோடு அப்படியே தெரியும், சுவர் முடியும்வரை ஒரே மூச்சில் போங்கள். ஒரு கோட் அடித்தால் அடுத்த கோட்டுக்கு ஒரு நாள் இடைவெளி. இந்தப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அடித்த சுண்ணாம்பு இறுகும் முன்பே காய்ந்து மாவாக உதிரும். தை, மாசி நல்ல காலம். வெயிலில்தான் செய்தாக வேண்டுமென்றால் ஜன்னலைச் சாத்தி, காலையும் மாலையும் புகை போல மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வரிவரியாக வருகிற ஃப்ளூட்டட் பேனலும் இப்போது எல்லோர் வீட்டிலும் ஏறுகிறது. ஹைவே ஓரத்து வீடுகளில் அந்தப் பள்ளங்களில் தூசி அடைவதைத் தினமும் துடைக்கப்போவது யார் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அடுத்து சமையல் மேடை. லெதர் ஃபினிஷ் என்றால் கிரானைட்டைப் பளபளப்பாக்காமல், டைமண்ட் பிரஷ்ஷால் தேய்த்துத் தோல் போலச் சொரசொரப்பாக விடுவது. கல் தேர்ந்தெடுக்கும்போது பாலிஷ் போட்ட ஸ்லாபைக் காட்டி "இதையே லெதர் பண்ணித் தர்றோம்" என்பார்கள். டைமண்ட் பிரஷ் ஓட்டியதும் கறுப்பு சாம்பலாக இறங்கிவிடும், அதனால் லெதர் செய்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். கறுப்புக் கல்லென்றால் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து (நகப்பூச்சு அழிக்கிற திரவம் போதும்) அழுத்தித் துடையுங்கள். துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல். கனம் 18 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

சிங்க் வெட்டுகிற இடத்தில்தான் கல் உடைகிறது. மூலைகளில் முதலில் துளை போட்டு, அப்புறம் நேர்வெட்டு. கட்டர் சக்கரத்தை ஒன்றுக்கொன்று குறுக்கே ஓட்டிச் சதுர மூலை எடுத்தால், அந்த மூலையிலிருந்தே முடி போல விரிசல் கிளம்பும். சிங்க்குக்கு முன்னால் குறைந்தது 3 அங்குலக் கல் நிற்க வேண்டும், அந்தப் பட்டைக்கு அடியில் தாங்கலும் வேண்டும். இணைப்புக்கு வெள்ளை சிமென்ட் வேண்டாம், கல்லின் நிறத்தில் எபாக்ஸி என்கிற ஒட்டுப்பிசின்.

கல் பதித்துக் காய்ந்ததும் சீலர், அதாவது கல்லுக்குள் தண்ணீரும் கறையும் இறங்காமல் தடுக்கிற திரவம். மெல்லிசாகத் தடவி, டப்பாவில் சொன்ன நிமிடங்களுக்குள் மிச்சத்தைத் துடைத்தெடுக்காவிட்டால் மேலே புகைப்படலம் போல நிற்கும். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை கல்லில் தண்ணீர்ச் சொட்டு வைத்துக் கால் மணி கழித்துத் துடையுங்கள், கறுத்த தடம் இருந்தால் மறுபடி சீலர். லெதர் கல்லின் குழிகளில் மாவு ஏறும். வாரத்தில் நாலு நாள் ராகிக் களி கிளறி, மேடையிலேயே உருட்டுகிற வீடென்றால் ஒரு 2 அடியை மட்டும் பாலிஷாகவே விட்டுவைப்பது புத்திசாலித்தனம். போர் தண்ணீர் காய்ந்தால் கறுப்புக் கல்லில் வெள்ளை வளையம் நிற்கும், சிங்க் ஓரத்தை உடனுக்குடன் துடைத்துவிடுங்கள்.

விளக்கு 3000 கெல்வின் வார்ம் ஒயிட். 6500 போட்டால் காவிச் சுவர் செத்துப்போகும். சுண்ணாம்புச் சுவருக்கு 8 அங்குலம் தள்ளிக் கூரையில் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஓட்டினால் பிரஷ் கோடுகள் எழும்பித் தெரியும், கொத்தனார் விட்ட மேடுபள்ளமும் கூடவே தெரியும். ஆகவே பூச்சு வேலைக்கு முன்பே ஒரு பல்பைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பார்த்துப் பட்டியைச் சரிசெய்யுங்கள். மீட்டருக்கு 10 வாட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 60 வாட்டுக்குக் குறையாத டிரைவர் (ஸ்ட்ரிப்புக்கு மின்சாரத்தை மாற்றித் தருகிற பெட்டி). அதை ஃபால்ஸ் சீலிங்குக்குள் போட்டு அடைத்துவிடாமல், கை நுழைகிற அளவுக்கு ஒரு மூடி வைக்கச் சொல்லுங்கள். முதலில் போவது அதுதான்.