பக்கம் ஏன் திறக்கவில்லை? நெட்வொர்க் டேபைப் படிக்கும் முறை

"சைட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதிய டிக்கெட் மூன்று டீம்களைச் சுற்றிவிட்டுப் போட்டவரிடமே திரும்பி வரும். பழுது பிரவுசரிலா, சர்வரிலா, நடுவிலா என்று காட்டும் கருவி குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. டெஸ்டிங்கிலோ சப்போர்ட்டிலோ இருந்துகொண்டு டெவலப்மென்ட் பக்கம் போக நினைப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்துவிட்டு, அதன் பிறகு பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். பக்கம் சர்வரிடம் கேட்கும் ஒவ்வொன்றும் அங்கே ஒரு வரியாக வரும். கருவி திறப்பதற்கு முன் நடந்தது பதிவாகாது. குரோமில் ‘பிரிசர்வ் லாக்’, ‘டிசேபிள் கேச்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். முதலாவதை விட்டால், லாகின் முடிந்து அடுத்த பக்கம் வந்ததுமே பழைய வரிகள் அழிந்துவிடும். இரண்டாவதை விட்டால், திருத்திய ஃபைலுக்குப் பதில் பிரவுசர் சேமித்துவைத்த கேச்சில் கிடக்கும் பழையதே வந்து குழப்பும்.

இனி ஸ்டேட்டஸ் எண், அதாவது ஒவ்வொரு வரிக்கும் சர்வர் தரும் பதிலின் குறியீடு. 401 என்றால் லாகின் ஆகவில்லை, அல்லது அது செல்லாது. 403 என்றால் அனுமதி இல்லை. 500 சர்வர் கோடில் கோளாறு. 502, 504 வந்தால் முன்னால் நின்று கோரிக்கைகளைக் கைமாற்றிவிடும் பிராக்ஸிக்குப் பின்னாலுள்ள சர்வரிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை, அல்லது நேரத்துக்குள் வரவில்லை. 200 வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பக்கத்துக்கு டேட்டா தரும் சில ஏபிஐகள் 200 கொடுத்துவிட்டு உள்ளே பிழைச்செய்தியை வைத்திருக்கும். ‘ரெஸ்பான்ஸ்’ டேபையும் திறந்து பாருங்கள். அங்கே டேட்டா சரியாக வந்தும் திரை காலியாக இருந்தால் அதே கருவியின் கன்சோல் டேபில் சிவப்பு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

பக்கம் மெதுவாக வந்தால் அந்த வரியைக் கிளிக் செய்து ‘டைமிங்’ பாருங்கள். ‘வெயிட்டிங்’ 4 விநாடி, ‘கன்டென்ட் டவுன்லோட்’ 20 மில்லிவிநாடி என்றால் படத்தைச் சுருக்கிப் பயனில்லை. பெரும்பாலும் சர்வர்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது, டேட்டாபேஸ் குவெரியிலிருந்து தொடங்கலாம். டவுன்லோட் நீண்டால் ஃபைல் பெரியது, அல்லது இணைப்பு மெதுவானது. வேகமான ஆபீஸ் வைஃபையில் இது தெரியாது. இணைப்பை வேண்டுமென்றே மெதுவாக்கும் த்ராட்லிங்கில் 3ஜி வைத்துச் சோதியுங்கள். குரோமில் கருவியை மூடினால் அந்தக் கட்டுப்பாடும் போய்விடும்.

பதிவு முழுவதையும் ஹார் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து டெவலப்பருக்கு அனுப்பலாம். ஆனால் கவனம்: அதில் லாகினை நினைவில் வைக்கும் குக்கி, டோக்கன், ஃபார்மில் அடித்த பாஸ்வேர்டு கூட இருக்கக்கூடும். கிடைத்தவர் உங்கள் லாகினிலேயே உள்ளே போய்விடலாம். ஹார் என்பது வெறும் ஜேசன் டெக்ஸ்ட்தான். எடிட்டரில் திறந்து அவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள், முடிந்தால் டெஸ்ட் அக்கவுண்டிலேயே பதிவு செய்யுங்கள். பொது இடத்தில் போடவே கூடாது.

டிக்கெட்டில் முழு முகவரி, மெத்தட் (கெட், போஸ்ட் போன்றது), ஸ்டேட்டஸ் எண், ரெஸ்பான்ஸின் முதல் சில வரிகள், ஹெட்டரில் ரிக்வெஸ்ட் ஐடி இருந்தால் அது, இவற்றோடு நேரத்தையும் எழுதுங்கள். பல சர்வர் லாக்குகள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். பிற்பகல் 3:00 மணிப் பிழையை லாக்கில் 9:30-ல்தான் தேட வேண்டும்.