ஜியோகேஷிங் கருவிகள்: புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஜியோகேஷிங் என்பது யாரோ மறைத்துவைத்த பெட்டியை (அதுதான் ‘கேஷ்’) ஜிபிஎஸ் எண்ணை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் மெக்ரிச்சி நீர்த்தேக்கப் பாதையில் இரண்டு பையன்கள் ஒரே மரத்தை அரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் புத்தம்புது ஜிபிஎஸ் கருவி. “அண்ணா, மூணு மீட்டர் துல்லியம்னு காட்டுது, ஆனா இங்க ஒண்ணுமே இல்லையே” என்றான். வாங்கிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் உபின் தீவில் நான் செய்த அதே தவறு.

போனை சார்ஜ் போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கோஆர்டினேட்டின் வடிவத்தைப் பார்க்காமல் எண்ணை ஏற்றுவது

ஜியோகேஷிங்கில் இடத்தை டிகிரி, நிமிடம், நிமிடத்துக்குப் பின் மூன்று தசம இலக்கம் என்ற வடிவத்தில்தான் எழுதுவார்கள். உதாரணத்துக்கு வடக்கு 1° 20.450′, கிழக்கு 103° 49.300′ (கணக்குக்காக நானே எடுத்த எண், அங்கே பெட்டியைத் தேடிப் போகாதீர்கள்). ஆனால் கருவியின் செட்டிங் டிகிரி-நிமிடம்-நொடி என்று இருக்கலாம். சாதாரண கேஷ் என்றால் ஆப்பே இடத்தை ஏற்றிவிடும், பிரச்சினை வராது. பல கட்டமாகப் போகும் கேஷிலோ புதிர்க் கேஷிலோ விடையைக் கண்டுபிடித்து எண்ணை நாமே தட்டும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். 20.450 என்பதில் இருக்கும் ஐந்து இலக்கமும் 20 நிமிடம் 45.0 நொடி என்ற கட்டங்களில் அச்சு அசலாகப் பொருந்திவிடும், கருவி ஒரு வார்த்தை சொல்லாது.

0.450 நிமிடம் என்பது 27 நொடிதான், 45 அல்ல. வடக்கில் 18 நொடி பிசகு. ஒரு நொடிக்கு ஏறக்குறைய 31 மீட்டர் என்றால் அதுவே 550 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. கிழக்கில் 18 நொடிக்குப் பதில் 30, அது இன்னொரு 370 மீட்டர். நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 670 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். அதே எண்ணை 1.20450, 103.49300 என்று முழுத் தசம டிகிரியாகத் தட்டியிருந்தால் புள்ளி கடலில் போய் விழும், உடனே தெரிந்துவிடும். 670 மீட்டர் தள்ளினால் அங்கேயும் மரம் இருக்கும், பாதை இருக்கும், சந்தேகமே வராது. தசம இலக்கம் 600 அல்லது அதற்கு மேல் என்றால், நொடி 60க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று கருவி மறுத்துவிடும். அதனால் இந்தத் தவறு ஒரு நாள் பிடிபடும், ஒரு நாள் பிடிபடாது. எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான்.

உபினுக்கு என் மைத்துனரை முதல்முறையாகக் கூட்டிப் போயிருந்தேன். சாங்கியிலிருந்து படகு, அப்புறம் வாடகைச் சைக்கிள். கடைசிக் கட்டத்தின் எண்ணைத் தட்டினேன், கருவி ஒரு பழைய குவாரியின் வேலிப் பக்கம் இழுத்துப் போனது. இரண்டு மணி நேரம் வேலியோரப் புதரில் கல்லைக் கல்லாகப் புரட்டினோம், அவருக்குக் கையெல்லாம் கொசுக்கடி. ‘துல்லியம் 4 மீட்டர்’ என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. பொய் சொல்லவில்லை. நான் கொடுத்த தவறான புள்ளிக்கு நாலு மீட்டர் அருகில்தான் கொண்டு போய் நிறுத்தியிருந்தது. அந்த எண்ணை நாங்கள் யாருமே சந்தேகப்படவில்லை. மைத்துனர் அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை.

கருவி வாங்கிய அன்றே செட்டிங்கில் ‘பொசிஷன் ஃபார்மேட்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள், தசம நிமிடத்துக்கு மாற்றுங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கான எண்ணைக் கையால் தட்டி, அங்கேயே போய் நின்று சரிபாருங்கள். பேட்டரி மாற்றினாலும், வேறு யாருக்காவது கொடுத்து வாங்கினாலும் மறுபடி ஒரு பார்வை பாருங்கள். அந்தப் பையன்களுக்கு வடிவத்தை மாற்றி, எண்ணை மறுபடி தட்டிக் கொடுத்தேன், அம்பு அப்படியே திரும்பி அவர்கள் வந்த வழியையே காட்டியது.

டேட்டம்

பூமியின் எந்த அளவீட்டு மாதிரியை வைத்து எண்ணைக் கணக்கிடுவது என்று சொல்லும் செட்டிங் இது. டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். அதைத் தொடாதீர்கள்.

பூஜ்ஜியம் மீட்டர் வரை அம்பைத் துரத்துவது

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அடுத்த சில நாட்களுக்குள் ஒரெகனில் டேவ் உல்மர் ஒரு வாளியை மறைத்துவைத்து இந்த விளையாட்டைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன் பிழை 100 மீட்டர் வரை இருக்கும். இப்போது திறந்த வானத்தின் கீழ் போனில் ஐந்து மீட்டர் அளவில் வந்துவிடுகிறது. ஆனால் மழைக்காட்டு மரங்களுக்கு அடியில் அப்படி இருக்காது, பெட்டியை வைத்தவரின் கருவிக்கும் அவருடைய பிழை இருந்திருக்கும், இரண்டும் சேரும். பத்து மீட்டர் வந்ததும் கருவியைப் பையில் வையுங்கள். கண்ணால் தேடுங்கள்: இயற்கையாக விழாத மாதிரி அடுக்கிய குச்சிகள், இடம் மாறிய கல், வேலிக்குப் பின்னால் ஒட்டிய காந்தப் பெட்டி.

காந்தம் வைத்த போன் உறை

கழற்றிவிடுங்கள். நின்ற இடத்தில் திசை காட்டுவது போனுக்குள் இருக்கும் காந்தமானிதான். உறையில் காந்தம் இருந்தால் அம்பு எங்கெங்கோ சுற்றும். கழற்றியும் சரியாகவில்லையென்றால் போனை எட்டு வடிவத்தில் நாலைந்து தடவை ஆட்டுங்கள், அல்லது பத்தடி நடந்து பாருங்கள்.

முதல் மாதமே விலை உயர்ந்த கருவி வாங்குவது

வேண்டாம். முதலில் போன், ஒரு பவர்பேங்க், ஆஃப்லைன் வரைபடம் போதும். மாதத்துக்கு நாலு தடவை காட்டுக்குள் போகிறீர்கள் என்றால் அப்போது தனிக் கருவி வாங்குங்கள், பொத்தான் உள்ளதாகப் பாருங்கள். இங்கே திடீரென்று கொட்டும் மழையில் நனைந்த தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது, பொத்தான் வேலை செய்யும்.

ரீசார்ஜ் பேட்டரி போட்டால் செட்டிங்கில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. மாற்றாவிட்டால் பாதி சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துபோனது போலக் காட்டும். சில மாதம் வெளியே போகவில்லை என்றால் அல்கலைன் பேட்டரியைக் கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள். என் பழைய கருவியின் ஸ்பிரிங் கசிவில் பச்சை பூத்து அரித்தேபோய்விட்டது.

பேனா

பெட்டிக்குள் கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் லாக் தாள் ஈரமாக இருந்தால் எழுதாது. பென்சில் எடுத்துப் போங்கள்.