டீம்ல யாருக்கு எந்த வேலை, யார் பதில் சொல்லணும்: தெளிவா பிரிக்கிறது எப்படி

ப்ராஜெக்ட்ல எல்லாருக்கும் ஒரு டெசிக்னேஷன் இருக்கும், ஆனா ஒரு வேலை சொதப்புனா மட்டும் யாரைக் கேக்கறதுன்னு தெரியாது. இதுக்கு ரேசி (RACI) சார்ட் போடுங்க, அதாவது ஒவ்வொரு வேலையிலயும் யாருக்கு என்ன பங்குன்னு நாலு வார்த்தையில காட்டற ஒரு அட்டவணை. ரெஸ்பான்சிபிள்னா வேலைய செய்யறவர், அக்கவுண்டபிள்னா அது ஒழுங்கா முடிஞ்சுதான்னு பதில் சொல்ல வேண்டியவர், கன்சல்டட்னா முடிவெடுக்க முன்னாடி கேக்க வேண்டியவர், இன்ஃபார்ம்ட்னா முடிவானதும் தகவல் சொன்னா போதும்.

ஒரு ஷீட் எடுத்து இடது பக்கம் வேலைகள எழுதுங்க. "டெஸ்டிங்"னு மொட்டையா எழுதாதீங்க, "பேமெண்ட் பேஜ் டெஸ்ட் ரிப்போர்ட்"னு கையில காட்டக்கூடிய பொருளா எழுதுங்க. மேல ஆளுங்க பேர எழுதுங்க, டீம் பேரு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கு நேராவும் அவங்க பேருக்குக் கீழ அந்த நாலுல எதுன்னு போடுங்க.

இப்ப முக்கியமான விஷயம், ஒரு வரிக்கு ஒரே ஒரு அக்கவுண்டபிள்தான். செய்யறவங்க நாலு பேர் இருக்கலாம், பதில் சொல்றவர் ஒருத்தர்தான். நாங்க ஒரு தடவை சர்வர் மாத்துறப்போ "பேக்கப்" வரியில ரெண்டு லீடு பேரையும் போட்டுட்டோம், நடுராத்திரி டேட்டா போச்சு, பாத்தா கடைசி பேக்கப் எடுத்து ஆறு நாள் ஆச்சு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "நீங்க எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்"னாங்க. ரெண்டு பேருமே நல்ல வேலைக்காரங்க, தப்பு அந்த வரியில இருந்துச்சு.

அக்கவுண்டபிள்னு பேரு போட்டா "இது ரெடி இல்ல, நிறுத்துங்க"ன்னு சொல்ற அதிகாரத்தையும் அவருக்கே குடுங்க, இல்லன்னா அது பழி போட ஒரு ஆள் புடிச்ச மாதிரிதான், அது ரொம்ப அநியாயம். ஸ்க்ரம்னு டீமா சேர்ந்து வேலை செய்யற ஒரு முறை இருக்கு, அதோட 2020 கைடுல ரோல்னு சொல்றத விட்டுட்டு அக்கவுண்டபிலிட்டின்னே எழுத ஆரம்பிச்சாங்க, ப்ராடக்டுக்குப் பொறுப்பான ப்ராடக்ட் ஓனர் ஒரு ஆள்தான், கமிட்டி இல்லன்னும் அதுல தெளிவா இருக்கு.

கன்சல்டட் லிஸ்ட்ட சின்னதா வைங்க. "இவர் பதில் வர்ற வரைக்கும் நிஜமாவே காத்திருப்போமா?"ன்னு கேளுங்க, இல்லன்னா இன்ஃபார்ம்டுக்கு தள்ளிடுங்க.

மேனேஜர் தனியா உக்காந்து நிரப்பி மெயில்ல அனுப்புனா யாரும் படிக்க மாட்டாங்க. எல்லாரையும் கூப்பிட்டு அவங்கவங்க வரிய அவங்க வாயாலயே சொல்ல வைங்க, "அது நானா?"ன்னு ஒருத்தர் கேக்கற இடத்துலதான் ஓட்டை இருக்கு. அப்புறம் மேலிருந்து கீழ படிங்க, ஒரே ஆளு பேர்ல அக்கவுண்டபிள் குவிஞ்சிருந்தா அப்பவே பிரிச்சுடுங்க. அக்கவுண்டபிளா இருக்கறவர் லீவு போட்டா யார் பாத்துக்கறதுன்னும் பக்கத்துலயே ஒரு பேர் எழுதி வைங்க.