பழைய சான்ட்ரோ காருக்கு முன்பக்க ஸ்பிரிங், ஸ்ட்ரட் மாற்றியது

ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் இடித்தது. ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பரில்) ஆயில் கசிவு. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருவேறி முறிந்திருந்தது.

சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் கிடைக்கும். நம்மூர்ப் பள்ளங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்: ஸ்ட்ரட் அடிக்கடி பம்ப் ஸ்டாப்பில் (அடிதாங்கும் ரப்பரில்) மோதிச் சீக்கிரம் பாழாகும். கம்பித் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து, பழையதற்கு இணையான ஸ்பிரிங்கே வாங்கினேன்.

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல்நுனியை பாடியோடு பிணைக்கும் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாமே புதிது. ஸ்பிரிங் கம்ப்ரசர் மாட்டி ஸ்பிரிங்கை அமுக்கிய பிறகே ஸ்ட்ரட் உச்சியிலுள்ள நடு நட்டில் கை வைக்கலாம். இல்லையேல் ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே ஆபத்து. ஸ்பிரிங் நுனி, அதைத் தாங்கும் தட்டின் (சீட்டின்) படியில் உட்கார வேண்டும். நட்டை முடுக்கும்போது ஸ்ட்ரட்டின் ராடைப் பிளையரால் பிடிக்காதீர்கள், கீறல் விழுந்தால் ஆயிலைத் தடுக்கும் சீல் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம்.